உப்புக் காற்றும் ஆறு தந்திகளும்

பழவேற்காட்டின் லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களுக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். எந்தப் பக்கம் காற்று திரும்பினாலும் அது தண்ணீரைத் தொட்டுத்தான் வருகிறது. கடலிலிருந்து வந்தால் உப்பையும் கொண்டுவருகிறது. இங்கே சைக்கிள் செயின் முதல் ஜன்னல் கம்பி வரை எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் நான்கைந்து கிட்டார்களைச் சேர்த்துவைத்து, வீட்டுக்கு வருவோர் கண்ணில் படும்படி மாட்டியும் வைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கான வழியைக் கிட்டாரோடு பெட்டியில் வரும் கையேட்டில் தேடினால் கிடைக்காது.

அந்தக் கையேடுகளில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. மார்ட்டின் நிறுவனம் 1833இல் தொடங்கியது. அதன் பட்டறை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது. 1969 முதல் பிரேசில் ஈட்டி மரத்துக்குப் பதிலாக இந்திய ஈட்டி மரத்தை அது கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பயன்படுத்தி வருகிறது. மரம் நம் நாட்டு மரம். பராமரிப்பு அறிவுரை அவர்கள் ஊர்க் குளிர்காலத்துக்கானது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உள்காற்று வறண்டு, மரம் சுருங்கி, பலகை பிளக்கிறது. அதனால் கிட்டாருக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள் என்கிறார்கள். பழவேற்காட்டில் ஐப்பசி மழையில் அப்படிச் செய்தால் கிட்டாருக்குள் பூஞ்சை வளர்த்ததாகிவிடும். இந்த ஊர்க் காற்று மரத்தையும் உலோகத்தையும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற வழியை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரம் குடிக்கும் தண்ணீர்

வெட்டிப் பதப்படுத்தி, பளபளப்பாக வார்னிஷ் பூசிய பிறகும் மரம் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. சுற்றிலும் ஈரம் கூடினால் உறிஞ்சும். குறைந்தால் வெளியே விடும். அந்த வெப்பநிலையில் காற்றால் தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். அது 50 விழுக்காடாக நிலைத்திருந்தால் மரத்தின் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு தண்ணீராக இருக்கும். 80 விழுக்காட்டில் நிலைத்திருந்தால் அது சுமார் 16 விழுக்காடாகும். நல்ல கிட்டார்களை 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்கிறார்கள். அதே அளவில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். நம் கடற்கரையில் மழைக்கால வாரங்கள் பல 80ஐத் தாண்டியே கழிகின்றன.

ஈரம் ஏறும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பருப்பதில்லை. இழை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு; குறுக்கே அதிகம். கிட்டாரின் மேல்பலகைக்குப் பேர்போன சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால், கிட்டாருக்கென அறுத்த பலகையின் அகலம் சுமார் 0.14 விழுக்காடு கூடும். மரத்தின் ஈரம் 9இலிருந்து 16 விழுக்காட்டுக்கு ஏறினால், 400 மில்லிமீட்டர் அகலப் பலகை தடையில்லாமல் இருந்தால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் விரியும். கிட்டாரில் அதற்கு இடமில்லை. ஓரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, அடியில் குறுக்காக ஒட்டிய தாங்குக் கட்டைகளின் இழை வேறு திசையில் ஓடுவதால் அவை விரிவதில்லை. பக்கவாட்டில் போக வழியில்லாத பலகை மேல்நோக்கி வளைகிறது. அதன் மேலிருந்து தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் உயர்கிறது. தந்திக்கும் கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளுக்கும் நடுவே இடைவெளி கூடி, விரல் வலிக்க வலிக்க அழுத்த வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் கிட்டார் 'கனமாகிவிட்டது' என்று பிள்ளைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் நடுவே ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைத் தாங்கும் பலகையின் தடிமன் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. பலா மரத்தைக் குடைந்து செய்யும் வீணையின் குடம் கெட்டியானது. ஈரம் அதற்குள் மெல்லத்தான் இறங்கும். கிட்டாரின் ஒலி பிறப்பதே அந்த மெல்லிய பலகை அதிர்வதால்தான். அதன் அழகும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ஒரு நாளின் ஏற்ற இறக்கம் மரத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். வாரக்கணக்கில் நீளும் பருவ மாற்றமே உள்ளே இறங்கி வேலை செய்கிறது. பழவேற்காட்டில் அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று வடகிழக்குப் பருவமழை. மற்றது கத்திரி வெயில். கடற்காற்று தாமதிக்கும் நாட்களில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசி, சென்னைக் கரையோரத்தில் பிற்பகல் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே போவதுண்டு. மழையில் பருத்த பலகை அப்போது வேகமாகச் சுருங்குகிறது. விரிசல் விழுவதும், ஃபிரெட்டுகளின் முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கையைக் கீறுவதும் அந்த நாட்களில்தான். ஆகவே ஈரத்தை எப்படியாவது விரட்டிவிடுவது நம் குறிக்கோளாக இருக்க முடியாது. மாற்றத்தை மெதுவாக்குவதே குறிக்கோள்.

கட்டுமரம் சொன்ன பாடம்

மரமும் உப்பு நீரும் சேரும்போது என்னவாகும் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயவைப்பது நம் மீனவர் வழக்கம். நீர் ஊறிய மரம் கனத்துவிடும், மிதப்பு குறையும். பின்னர் ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. கிட்டார் உலகிலும் அதே மாற்றம் நடந்திருக்கிறது. ஹெலிகாப்டர் செய்துவந்த சார்லஸ் கமான் 1966இல் ஓவேஷன் என்ற பெயரில் ஃபைபர் முதுகு கொண்ட கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஹவாய்த் தீவுகளின் ஈரக் காற்றில் மரக் கிட்டார்கள் படும் பாட்டைப் பார்த்த ஜான் டெக்கர், முழுக்க முழுக்கக் கார்பன் இழையாலான ரெயின்சாங் கிட்டார்களை உருவாக்கினார். ஹவாயின் சிக்கலும் பழவேற்காட்டின் சிக்கலும் ஒன்றே.

ஆனால் கார்பன் இழைக் கிட்டாருக்காக அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலானவை ஒட்டுப்பலகையால் ஆனவை. ஒட்டுப்பலகையில் அடுக்கடுக்காக இழையின் திசை மாறுவதால் ஓர் அடுக்கு விரியப் பார்த்தால் அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பலகைக் கிட்டாரின் நாதம் அதற்கு வராது. ஆனால் இந்தக் காற்றில் அது உறுதியாக நிற்கும். கடலோர மாதா கோயில் பாடற்குழுவுக்கோ, இப்போதுதான் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கோ ஒட்டுப்பலகைக் கிட்டாரே பொருத்தம். அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

உப்பின் வேலை

ஈரம் மரத்தைத் தாக்குகிறது. உப்பு உலோகத்தைத் தாக்குகிறது. அலை உடையும்போது நுரைக் குமிழ்கள் வெடித்து நுண்ணிய துளிகளைத் தெறிக்கவிடுகின்றன. அவற்றின் நீர் ஆவியாகி, உப்புத் துகள்கள் காற்றில் மிதந்து வருகின்றன. அலைக்கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அவற்றில் பெரும்பகுதி படிந்துவிடும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டில் இருக்கும் ஊர்கள் அந்தத் தூரத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன.

படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். சமையலறையில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்விட்டு நிற்பதன் காரணம் இதுவே. தந்தியின்மேல் படிந்த ஒரு துகளும் அதே வேலையைச் செய்கிறது. ஆண்டின் பெரும்பகுதி தந்திமேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டேயிருக்கும். எஃகு துருப்பிடிக்க அது போதும். வாசிப்பவரின் விரல் வியர்வையிலும் அதே உப்புதான்.

தடித்த தந்திகளின்மேல் சுற்றியிருக்கும் வெண்கலக் கம்பியும் தப்புவதில்லை. அதிலுள்ள செம்பைக் குளோரைடு தாக்கிப் பச்சை பூக்கவைக்கிறது. இதன் கொடிய வடிவத்தைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் நன்றாக அறியும். அங்கே சேர்ந்திருந்த வெண்கலச் சிலைகளை 'வெண்கல நோய்' அரித்துவந்தது. செம்புக் குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மீண்டும் செம்பைத் தாக்கும். இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அரிப்பு அது. அதைத் தடுக்கவே 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் மின்வேதியியல் முறையில் சிலைகளிலிருந்து குளோரைடை நீக்கிக் காட்டினார். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் வைத்து ஆராய்ந்திருக்கிறது. நாட்டின் அரிமான வரைபடத்தையும் தயாரித்தது. சோழர் சிலைக்கும் கிட்டார் தந்திக்கும் எதிரி ஒன்றுதான். மருந்தின் முதல் படியும் ஒன்றுதான்: குளோரைடை அகற்று, பிறகு ஈரத்தைக் குறை.

வீட்டில் இதைச் செய்வது எளிது. வாசித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் தந்திகளையும் ஃபிரெட்டுகளையும் உலோகப் பாகங்களையும் துடைக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். உலர்ந்த துணி மட்டும் உப்பைத் தேய்த்து நகர்த்தும், கரைத்து எடுக்காது. கடலோரக் கிணற்று நீரும் குழாய் நீரும் பல இடங்களில் உவர்ப்பானவை. குடிநீர் கேன் தண்ணீரே நல்லது. படகு என்ஜினை நல்ல தண்ணீரால் அலசுவதன் பயன் தெரிந்த மீனவர் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. பாலிமர் பூச்சுள்ள தந்திகள் விலை அதிகம். ஆனால் இந்த ஊரில் அவை பல மடங்கு நாள் உழைக்கும். புதிதாக ஃபிரெட் போட நேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட்டையே கேட்டு வாங்கலாம்.

முதலில் அளந்து பார்

கிட்டார் வைக்கும் அறையில் ஓர் ஈரப்பதமானி இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கருவி போதும். மலிவான கருவிகள் ஐந்து, பத்து விழுக்காடு பிசகுவதுண்டு. சரிபார்க்க உப்பையே பயன்படுத்தலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரக் களியாக்குங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க மூடிவையுங்கள். காலையில் அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். 70 காட்டினால், எப்போதும் ஐந்து கூட்டிப் படித்துக்கொள்ளலாம். கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள மெக்னீசியம் கணக்கைக் கெடுத்துவிடும்.

எதை மாட்டுவது, எதை மூடுவது

வீட்டிலுள்ள கிட்டார்கள் அனைத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. ஒட்டுப்பலகைக் கிட்டாரும், கெட்டியான உடலும் தடித்த பூச்சும் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரும் சுவரில் இருக்கலாம். ஒற்றைப் பலகையில் செய்த அக்கூஸ்டிக் கிட்டார் பெட்டிக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோதான் இருக்க வேண்டும்.

மாட்டுவதற்கு வெளிச்சுவர் ஆகாது. ஓதம் ஏறும் சுவர், உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும் சுவர், மழைச்சாரல் படும் சுவர் ஆகியவற்றை விலக்கிவிட்டு, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் உப்புத் துகள் நேராக வந்து படியும். சமையலறைப் புகையும் ஆவியும் படும் இடமும் வேண்டாம். கிட்டாரின் முதுகு சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் பின்னால் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. எலெக்ட்ரிக் கிட்டார் சுமார் நான்கு கிலோ எடை இருக்கக்கூடும்; பூச்சு உதிரும் சுவரில் வெறும் ஆணி நிற்காது. நல்ல பிளக் அடித்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட வேண்டும். கொக்கியின் ரப்பர், நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரில் பட்டால் பூச்சு இளகிக் கறைபடும். பருத்தித் துணியைச் சுற்றிவிடலாம். நேரடி வெயில் பூச்சை மங்கவைக்கும், ஒட்டுப் பசையையும் இளக்கும்.

காட்சியும் வேண்டும், காப்பும் வேண்டும் என்றால் கண்ணாடிக் கதவு அலமாரியே சிறந்தது. கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் உப்புத் துகள் உள்ளே வருவது வெகுவாகக் குறையும். மழைக்காலத்தில் அதன் அடியில், மரத்துக்கு எட்டாத தூரத்தில், கம்பி வலைக்குள் ஒரு சிறிய குண்டு பல்பு எரியவிடலாம். மேலேயும் கீழேயும் சிறு துளை மட்டும் போதும். காற்றிலிருக்கும் நீராவி மாறாமல் வெப்பம் மட்டும் கூடினால் ஒப்பு ஈரப்பதம் குறையும். 28 டிகிரியில் 80 விழுக்காடாக இருக்கும் காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 60 விழுக்காடாகிவிடும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அதில் சூடு போதாது. ஈரப்பதமானி 55க்குக் கீழே காட்டினால் பல்பை அணைத்துவிட வேண்டும்.

பெட்டியின் பலம் வேறு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றில் 2 கிராம் நீராவிகூட இருக்காது. ஆனால் கிட்டாரின் மரத்துக்குள் 150 கிராம் தண்ணீர் வரை இருக்கலாம். எனவே பெட்டிக்குள் காற்றின் ஈரத்தை முடிவுசெய்வது மரமே. வெளியே என்ன நடந்தாலும் உள்ளே மாற்றம் மெல்ல மெல்லத்தான் வரும். அதோடு நூறு, இருநூறு கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப் பையில் கட்டி வைத்தால் கசிந்து வரும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். நிறம் மாறும் ஆரஞ்சு வகை நல்லது; நீல வகையில் நச்சுத் தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருக்கிறது. நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும். கோடையில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். அரிசி மூட்டை வைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் உறிஞ்சும் திறன் குறைவு, பூச்சிகளையும் அழைத்துவரும்.

ஏ.சி. உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்து. வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மீதும் நீர் கோக்கும். 24 டிகிரி அறையிலிருந்து கிட்டாரை அப்படியே கோயில் மண்டபத்துக்குத் தூக்கிச் சென்றால் தந்தி, ஃபிரெட், மின்இணைப்புகள் எல்லாம் வியர்த்துவிடும். பெட்டியில் மூடி எடுத்துச் சென்று, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. இரவில் மட்டும் ஏ.சி. ஓடும் அறையைவிட, ஏ.சி.யே இல்லாத அறையில் மூடிய பெட்டிக்குள் கிட்டார் நிம்மதியாக இருக்கும்.

புயலுக்கு முன்னும் பின்னும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள் எல்லாக் கிட்டார்களையும் தரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைப்பது இந்த ஊரில் சரிப்படாது; பரணோ உயரமான அலமாரித் தட்டோ வேண்டும். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் தந்திகளின் சுருதியை ஒரு படி இறக்கிவிடுங்கள். முழுவதும் தளர்த்திவிட்டால் கழுத்து பின்பக்கம் வளையக்கூடும்.

உப்பு நீரில் நனைந்துவிட்டால் பதறி வெயிலில் போடக் கூடாது. தந்தியைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பை முழுவதும் துடைத்தெடுத்து, நிழலில் காற்றோட்டமாகப் பல வாரம் மெதுவாக உலரவிட வேண்டும். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உட்பக்கம் ஈரமாக இருந்தால் பலகை பிளக்கும். மெதுவாகக் காய்ந்த கிட்டாரில் ஒட்டு விட்டுப்போயிருந்தாலும் அதை மறுபடி ஒட்ட முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் பல்பும் சிலிக்கா ஜெல்லும். தை, மாசியில் எல்லாவற்றையும் திறந்து துடைத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது. கத்திரியில் ஜெல்லை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடியே வைப்பது. ஆண்டு முழுதும் வாசித்தபின் ஈரத் துணி. இவ்வளவுதான் வேலை. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. உலக அருங்காட்சியகங்களும் இன்று ஒரே எண்ணில் காற்றை நிறுத்திவைக்கும் பிடிவாதத்தைத் தளர்த்தி, மாற்றம் மெதுவாகவும் குறுகிய எல்லைக்குள்ளும் நடந்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கின்றன. அந்த எல்லையைப் பழவேற்காட்டு வீட்டுக்குள் உருவாக்க ஓர் ஈரப்பதமானியும், ஒரு பல்பும், கேன் தண்ணீரும், அடிக்கடி கிட்டாரை எடுத்து வாசிக்கும் கையும் போதும். கையில் எடுக்கும்போதுதான் தந்தி உயர்ந்ததும், ஃபிரெட் கீறுவதும், பிரிட்ஜின் ஓரம் கிளம்புவதும் தெரியவரும். கிட்டாரைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்வதன் முதல் காரணம் இதுதான்: பார்க்கிறவர் கை அதை எடுக்கும், எடுக்கிற கை அதைக் காப்பாற்றும்.